வெள்ளைச் சேலையை யாரும் தொடவில்லை

மணலில் ஜமக்காளம் விரித்து அதன்மேல் வெள்ளைச் சேலைகளை அடுக்கி வைத்திருந்தேன். இஸ்திரிச் சூடு இன்னும் ஆறவில்லை. எதிரே அந்த மீனவக் குப்பத்துப் பெண்கள் அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தியும் கை நீட்டவில்லை.

கடற்காற்று மட்டும் வந்து மேலே இருந்த சேலையின் ஓரத்தைப் புரட்டிவிட்டுப் போனது.

"எடுத்துக் கட்டிக்குங்கம்மா, வெளிச்சம் போவுது" என்றேன்.

"நீ போ டெய்லர்க்கா" என்றாள் முன்வரிசையில் இருந்த ஒருத்தி. "டான்ஸ் ஆட சொல்லு, ஆடுறோம். கடல்ல வுழ சொல்லு, வுழறோம். இத்த மட்டும் கட்ட மாட்டோம்."

என் பெயர் முதல் தடவையாகச் சினிமாத் திரையில் வருமா வராதா என்று முடிவாக வேண்டிய நாள், இப்படித்தான் எனக்கு விடிந்தது. விடிந்தது என்று எழுதுகிறேனே தவிர, அப்போது சாயங்கால வெயில்.

இன்றைக்கு நாவலூரில் எனக்கு இரண்டு மாடித் தையல் கூடம் இருக்கிறது. படங்களுக்கு உடை, ஐ.டி. கம்பெனிப் பெண்களின் கல்யாணங்களுக்கு உடை. வாசலில் கார் நிறுத்த இடமில்லை என்று பக்கத்து அபார்ட்மென்ட்காரர்கள் சண்டைக்கு வருகிறார்கள். அந்தச் சண்டையைக் கேட்கவே எனக்குச் சந்தோஷமாக இருக்கும். நம் வாசலுக்கு ஆள் வருவதால்தானே சண்டை!

போன வாரம் நான் எழுதிய கோடம்பாக்கத்துக் கதையைப் படித்துவிட்டு நிறைய பேர் கேட்டீர்கள். அத்தனை வருஷம் ஊசி பிடித்தும் மரகதத்தின் பெயர் ஒரு படத்தில்கூட வரவில்லையா என்று. வந்தது. வந்த கதைதான் இது.

பாலு மாஸ்டரின் வரி

சினிமாவில் உடை வேலை என்றால் துணி வாங்கித் தைப்பது என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். தையல் அதில் கால் பங்கு. கதாநாயகன் சண்டை போடப் போகிறான் என்றால் ஒரே சட்டையில் பல சட்டை வேண்டும். ஒன்று நல்ல சட்டை, ஒன்று கிழிந்தது, ஒன்று ரத்தம் பட்டது, ஒன்று அவருக்குப் பதிலாகக் குதிக்கும் டூப்புக்கு.

இன்றைக்கு அவர் கதவைத் திறப்பதை எடுப்பார்கள். உள்ளே நுழைவதை ஒரு மாதம் கழித்து வேறு ஊரில் எடுப்பார்கள். அன்றைக்கு எந்தப் பொத்தான் திறந்திருந்தது என்று கேட்டால் டக்கென்று சொல்ல வேண்டும். நான் சொல்வேன். இப்போது எல்லாரும் செல்போனில் படம் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள். எனக்குக் கண்ணே போதும்.

இந்தக் கண் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். பள்ளிக்கூடத்திலிருந்து இல்லை. திருக்கழுக்குன்றம் பக்கத்து கிராமத்தில் ஐந்தாம் வகுப்போடு எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கணக்கு முடிந்துவிட்டது. கன்னியப்பனைக் கட்டிக்கொண்டு புதுப்பட்டினம் வந்தேன். அவர் வேன் ஓட்டுவார். நான் மார்க்கெட் தெருவில் ஒரு மிஷின் போட்டு ரவிக்கை தைத்தேன்.

என் யோகம், பக்கத்திலேயே அணுமின் நிலையத்துக்காரர்கள் குடியிருக்கும் அணுபுரம். எந்தெந்த ஊர்க்காரர்களோ வேலைக்காக வந்து ஒரே தெருவில் குடியிருப்பார்கள். நாகர்கோவில்காரம்மா கழுத்து ஏறியிருக்க வேண்டும் என்பார். தஞ்சாவூர்காரம்மா முதுகு இறங்க வேண்டும் என்பார். கோயம்புத்தூர்காரம்மா கை நீளத்தில் ஒரு நூல் கூடினாலும் திருப்பிக் கொண்டுவந்துவிடுவார். எந்த ஊர்ப் பெண் எப்படி நிற்பாள், முந்தானையை எந்தக் கையால் பிடிப்பாள் என்பதெல்லாம் அந்த வாசலில் நின்றே எனக்குத் தெரிந்துபோனது. நான் எங்கேயும் போகவில்லை, தமிழ்நாடே என்னிடம் அளவு கொடுக்க வந்தது.

ஒருநாள் மாமல்லபுரத்தில் ஷூட்டிங். கதாநாயகியின் ரவிக்கை தோள்பட்டையில் விட்டுப்போய்விட்டது. அவர்களுடைய டெய்லர் அன்றைக்கு வரவில்லை. கன்னியப்பன் அந்த யூனிட்டுக்குச் சாப்பாட்டு வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். "என் சம்சாரம் தைப்பா சார்" என்று சொல்லி என்னை அள்ளிப்போட்டுக்கொண்டு போனார். இரண்டு பெட்ஷீட்டுக்கு நடுவில், அந்தப் பொண்ணு ரவிக்கையைக் கழற்றாமலே, நின்றபடியே தைத்துக்கொடுத்தேன்.

யூனிட்டின் காஸ்ட்யூமர் பாலு மாஸ்டர். அவர் தையலை வெளிச்சத்தில் பார்த்தார், என்னைப் பார்த்தார், "நாளைலேர்ந்து வந்துடு" என்றார். அவ்வளவுதான்.

மாஸ்டர் தங்கமான மனுஷன். ஆனால் டைட்டிலில் 'உடைகள்' என்று ஒரே ஒரு வரிதான் வரும். அதில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கும். கம்பெனி அவருடையது, பெயரும் அவருடையது. எனக்கு அதில் வருத்தம் கிடையாது.

வருத்தம் பிறகு வந்தது. முட்டிவலி தாங்காமல் மாஸ்டர் தொழிலை விட்டுவிட்டு ஊருக்குப் போனார். நான் வேலை கேட்டு ஒவ்வொரு ஆபீஸாக ஏறினேன். "என்ன படம் பண்ணியிருக்கீங்க?" என்பார்கள். நான் வரிசையாகச் சொல்வேன். "அதெல்லாம் பாலு மாஸ்டர் படமாச்சே" என்பார்கள். என் கையால் தைத்த உடைகளெல்லாம் என் கண் முன்னாலேயே ஊமையாகிவிட்டன. அப்போதுதான் புரிந்தது. அந்த ஒரு வரி இல்லையென்றால் நான் புதுப்பட்டினத்து ரவிக்கை டெய்லர்தான்.

உடையே வசனம்

அந்த நேரத்தில்தான் ஒரு புது டைரக்டர் வீடு தேடி வந்தார். இன்றைக்கு அவர் பெரிய ஆள், அதனால் பெயரை எழுதவில்லை. அன்றைக்கு அவருக்கு அது முதல் படம். தாடியும் தூக்கமில்லாத கண்ணுமாக வந்து உட்கார்ந்தார். நான் வறுத்த நெத்திலியை முக்கால் தட்டு காலி செய்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"மரகதம்மா, படத்தோட கடைசி சீன். புயலுக்கு அப்புறம், மீன் பிடிக்கப் போன போட்டு எதுவும் திரும்பி வரல. ஊர்ப் பொம்பளைங்க எல்லாம் கரையில வரிசையா நிக்கிறாங்க. எல்லாரும் வெள்ளைச் சேலை. கரை முழுக்க வெள்ளை. வசனம் கிடையாது. உங்க உடைதான் வசனம்."

சொன்னபோதே எனக்குச் சிலிர்த்துவிட்டது. உடையை நம்பி ஒரு படத்தை முடிக்கிறேன் என்று எந்த டைரக்டர் சொல்வார்?

கதாநாயகிக்குத் தேதி இல்லாததால் அந்தக் கடைசிக் காட்சியைத்தான் முதலில் எடுக்கப்போகிறார்கள். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்துக் கரை. அனுமதி ஒரே ஒரு சாயங்காலத்துக்கு. மறுநாள் அந்தப் பொண்ணு ஹைதராபாத் கிளம்பிவிடும்.

"இந்த சீன் சரியா வந்துச்சுன்னா முழுப் படமும் நீங்கதான் பண்றீங்க" என்றார். "ஆடை வடிவமைப்பு மரகதம்னு தனி கார்டு. ஸ்க்ரீன்ல வேற யார் பேரும் இருக்காது."

"வர்லன்னா?" என்று கேட்டார் கன்னியப்பன், கதவோரமாக நின்றபடி.

டைரக்டர் மீதியிருந்த ஒரு நெத்திலியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

அண்டா நிறைய டீ

இந்த இடத்தில் ஒரு தொழில் ரகசியம் சொல்கிறேன். சினிமாவில் நீங்கள் பார்க்கும் வெள்ளை, வெள்ளையே இல்லை. சுத்த வெள்ளையைக் கட்டிக்கொண்டு வெயிலில் நின்றால் கேமராவில் துணி பளீரென்று எரியும், கட்டியிருக்கிறவள் முகம் கறுத்துப்போகும். அதனால் வெள்ளைத் துணியை டீ டிகாஷனில் முக்கி எடுத்து ஒரு படி மங்க வைப்போம். கண்ணுக்கு அழுக்கு மாதிரி தெரியும். திரையில் பாலாக இருக்கும்.

முக்குவதிலும் அளவு இருக்கிறது. கொஞ்சம் கூடினால் காவி, கொஞ்சம் குறைந்தால் புது வேட்டி. நான் டிகாஷனை விரலில் தொட்டு நகத்தின்மேல் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பேன். என்னிடம் இப்போது வேலை செய்யும் பெண்கள் ஃபேஷன் படித்துவிட்டு வந்தவர்கள், கெட்டிக்காரிகள். அவர்களும் இப்போது நகத்தில்தான் பார்க்கிறார்கள். எனக்கு அதில் பெருமைதான்.

வீட்டுக்குப் பின்னால் கல் அடுப்பு மூட்டி, கல்யாண அண்டா வாடகைக்கு எடுத்து, வேன் கொள்ளுமளவு சேலைகளை முக்கி எடுத்தேன். தெருவே டீக்கடை மாதிரி மணத்தது. கொடி பத்தாமல் பக்கத்து வீட்டு மாடி, எதிர்வீட்டு மதில், கன்னியப்பனின் வேன் கூரை எல்லாவற்றிலும் சேலை காய்ந்தது.

"இன்னாமே இது, சேலைக்கு அண்டா டீ, புருசனுக்கு ஒரு கிளாஸ் டீ இல்ல" என்று அவர் புலம்பினார்.

"அந்த அண்டாவுல ஒரு சொம்பு மொண்டு குடி."

"குடிச்சேன்மே. சோப்பு வாசன."

அத்தனையையும் இஸ்திரி போட்டு, வேனில் ஏற்றி, அந்தக் கரைக்குக் கொண்டுவந்து விரித்த பிறகுதான் பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஆள் பிடித்துக் கொடுத்த ஏஜென்ட், கூட்டத்தில் நிற்க வேண்டும், சேலை அவர்களே தருவார்கள் என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறான். என்ன சேலை என்று சொல்லவில்லை.

"நீ கட்டு, பாப்போம்"

முன்வரிசையில் இருந்து பேசியவள் பெயர் தனம். என் வயசுதான் இருக்கும். மீன் கூடை சுமந்த கழுத்து, குனியாத கழுத்து.

"தனம், இது நடிப்புதானே" என்று அவள் பக்கத்தில் உட்கார்ந்து பேசிப் பார்த்தேன். "செத்த நேரம் நின்னுட்டு அவுத்துக் குடுத்துடு."

"எங்க ஆளு வெடிகாலைல போனவரு. இன்னும் போட்டு கரைக்கு வர்ல. அவரு தண்ணி மேல கீறப்போ நா இங்க வெள்ள கட்டிகினு கடல பாத்து நிக்கணுமா? நல்லா கீதே உன் ஞாயம்!"

பின்னாலிருந்து இன்னொருத்தி எழுந்தாள். "என் வூட்டுல ரெண்டு பேரு போயிருக்காங்கோ. எங்க ஆளும் என் புள்ளையும். நீ எவ்ளோ குடுத்தாலும் வேணாம்."

எனக்கு இது தோன்றவே இல்லை பாருங்கள். நான் ஏரித் தண்ணீரும் நெல் வயலுமாகக் கிடக்கிற ஊரில் பிறந்தவள். எங்கள் ஊரில் ஆம்பளை காலையில் போனால் வரப்பில் நிற்பது வீட்டு வாசலிலிருந்தே தெரியும். இவர்களுக்கு எதிரே தண்ணீர் மட்டும்தான்.

டைரக்டர் மானிட்டர் வைத்த குடையின் கீழிருந்து கத்தினார். "மரகதம்மா, என்ன ஆச்சு? சூரியன் இறங்குது!" மேற்கே சவுக்குத் தோப்பின் உச்சிக்கு வெயில் வந்துவிட்டது. அது தோப்புக்குப் பின்னால் போய்விட்டால் கரையில் வெளிச்சம் இல்லை. புரொடக்ஷன் மேனேஜர், சென்னையிலிருந்து வேறு ஆள் கூட்டி வரலாமா என்று போனும் கையுமாக அலைந்தார். சனிக்கிழமை சாயங்காலம் ஈ.சி.ஆரில் யார் வந்து சேருவார்கள்?

என் கார்டு கண்ணெதிரே கரைவது எனக்குத் தெரிந்தது. கோபம் வந்துவிட்டது.

"வெறும் துணிடீ இது! இதுல இன்னா கீது?"

தனம் என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். "வெறும் துணிதானே? அப்ப நீ கட்டு, பாப்போம்."

"நானா?"

"நீதான். தோ, உன் வூட்டுக்காரரு வேன்ல குந்திகினு வேர்க்கடல துன்றாரு. அவரு எதிர்ல கட்டிகினு நில்லு. நீ கட்டினா நாங்கோ அல்லாரும் கட்டறோம்."

கரையே என்னைப் பார்த்தது. நான் சளைத்தவளா? சட்டென்று ஒரு சேலையை எடுத்து உதறினேன். ராகு காலம் பார்க்காமல் கடை திறந்தவள் நான். செவ்வாய்க்கிழமை மிஷின் வாங்கியவள். கோடம்பாக்கத்தில் ஒரு பொம்பளை தனியாக நிற்க முடியுமா என்று கேட்டவர்களுக்கு நின்று காட்டியவள்.

மடிப்பு பிரிந்தது. டீ வாசனை வந்தது. கை தோள் வரைக்கும் வந்தது.

அதற்குமேல் வரவில்லை.

கன்னியப்பன் வேனிலிருந்து தலையை நீட்டினார். வாயில் கடலை. "கட்டேன்மே! இந்த சேலைக்கு பயந்துகினு நா போயிடுவேனா? நா கெட்டிமே, சும்மா கட்டு!"

அவர் சிரித்துக்கொண்டே இன்னொரு கடலையை உடைத்தார். டீயில் முக்கியது நான், காயவைத்தது நான், இஸ்திரி போட்டது நான். ஆனால் அந்த ஆளைப் பார்த்துக்கொண்டு அதைத் தோளில் போட என்னால் ஆகவில்லை. சேலையைச் சுருட்டி ஜமக்காளத்தில் வீசினேன்.

"போங்கடீ. நானும் கட்ட மாட்டேன்."

 கரையே சிரித்தது. தனம் என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "அப்டி வா வழிக்கு!"

கொடியில் மிஞ்சும் சட்டை

சிரிப்பு அடங்குவதற்குள் மீன் காயப்போடும் இடத்திலிருந்து ஒருத்தி ஓடி வந்தாள். "இன்னாடி, என்ன வுட்டுட்டு படம் புடிச்சிட்டீங்களா?" என்று மூச்சிரைக்க வந்து நின்றாள். சேலைக்கு மேல் ஒரு ஆம்பளைச் சட்டை போட்டிருந்தாள். கட்டம் போட்டது, சாயம் போனது. தோள் அவளுக்கு இறங்கி நின்றது. கைப்பட்டி விரல் நுனியையும் தாண்டித் தொங்கியது. காற்று உள்ளே புகுந்து சட்டை உப்பியபோது, அவளுக்குப் பின்னால் ஒரு ஆள் நின்று கட்டிப் பிடித்திருப்பது மாதிரி இருந்தது.

எத்தனையோ பெண்கள் வேலைக்குப் போகும்போது அப்படிச் சட்டை போட்டிருப்பதைப் பார்த்திருக்கிறோம். நாற்று நடும் இடத்தில், சித்தாள் வேலையில், எங்கும். நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். பார்ப்பதும் ஒரு தொழில்தான் என்று என் கூடத்துப் பெண்களிடம் அடிக்கடி சொல்வேன். அந்தத் தொழிலில் என்னை மிஞ்ச ஆள் இல்லை.

"யார் சட்டைம்மா இது?"

"வேற யாரு சட்டைய போடுவேன்? எங்க வூட்டுக்காரர்துதான். சேலைல கவுச்சி ஒட்டாம இருக்கும்ல."

"இதப் போட்டுகினு கடலப் பாத்து நின்னா தப்பா?"

அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. "தெனம் அப்டிதான நிக்கிறேன்" என்றாள்.

கடலுக்குப் போனவன் திரும்பாத வீட்டில் என்ன மிஞ்சும்? கொடியில் ஒரு சட்டை மிஞ்சும். அவள் என்ன செய்வாள்? அதை எடுத்துப் போட்டுக்கொண்டு கரைக்கு வருவாள். எனக்கு அந்த ஒரு நொடியில் சீன் முழுக்கத் தெரிந்துவிட்டது.

"எல்லாரும் வூட்டுக்கு ஓடுங்க. அவங்கவங்க புருசன் சட்ட ஒண்ணு எடுத்துகினு வாங்க. வேலச் சட்ட வேணாம். அவரு ஆசையா போடற சட்ட. தோய்க்காதது இருந்தா இன்னும் நல்லது."

"எதுக்கு?"

"போட்டுகினு நிக்கத்தான். சம்மதமா?"

தனம் ஒரு நிமிஷம் யோசித்தாள். "புருசன் சட்டைய போடறதுல ஒரு கொறையும் இல்ல" என்று தீர்ப்பு சொல்லிவிட்டு முதல் ஆளாக ஓடினாள்.

பனியனோடு ஒரு மாலை

டைரக்டர் எரிந்து விழுந்தார். "நான் கேட்டது வெள்ளை! படத்தோட அர்த்தமே வெள்ளைதான்!"

"சார், வெள்ளைய பாத்தா புருசன் செத்துட்டான்னு தெரியும். இதப் பாத்தா புருசன் இருந்தான்னு தெரியும்" என்றேன். "ஒரே ஒரு டேக் பாருங்க. புடிக்கலன்னா எனக்கு கார்டு வேணாம். வேன திருப்பிகினு போயிடறேன்."

 டைரக்டர் சவுக்குத் தோப்பைப் பார்த்தார். வெயில் பாதி இறங்கிவிட்டது. "சீக்கிரம்" என்றார்.

பெண்கள் திரும்பி வந்தார்கள். தீபாவளிச் சட்டை, கல்யாணச் சட்டை, முதுகில் கிரிக்கெட் டீம் பெயர் போட்ட டீ-ஷர்ட்கூட ஒன்று. டீ-ஷர்ட்டை மட்டும் திருப்பி அனுப்பினேன். பளிச்சென்ற கலர்களை ஓரத்துக்குத் தள்ளி, மங்கலானவற்றை நடுவில் நிறுத்தினேன். பொத்தானைச் சரியாகப் போட்டவர்களைக் கலைத்து மாற்றிப் போடச் சொன்னேன். கைப்பட்டியை யாரும் மடிக்கக் கூடாது என்றேன்.

கதாநாயகிக்குச் சட்டை இல்லை. அந்தப் பொண்ணுக்குக் கல்யாணமே ஆகவில்லை. சுற்றிப் பார்த்தேன். யூனிட் ஆட்கள் எல்லாம் டீ-ஷர்ட். நேராக வேனுக்குப் போனேன்.

"கழட்டு."

"இன்னாமே, நடு பீச்சுல?"

"கழட்டுன்றேன்!"

கன்னியப்பனின் வெளிர் நீலச் சட்டை. காலையிலிருந்து வண்டி ஓட்டிக் கசங்கி, முதுகில் சீட்டின் சுருக்கம் விழுந்தது. நான் எத்தனை நாள் உழைத்தாலும் அந்தச் சுருக்கத்தை ஒரு துணியில் கொண்டுவர முடியாது. மற்றவர்கள் கையை நுழைத்துப் போட்டிருந்தார்கள். கதாநாயகிக்கு மட்டும் கை நுழைக்காமல் தோள்மேல் போர்த்திவிட்டேன். காற்று வந்தபோது இரண்டு வெறும் கையும் எழுந்து எதையோ தேடுவது மாதிரி அசைந்தன.

"ரோல்" என்றார் டைரக்டர்.

அந்தப் பெண்கள் நடிக்கவில்லை. அவரவர் ஆள் நிஜமாகவே தண்ணீர்மேல் இருக்கிறான். அவர்கள் பார்க்கிற பார்வைதான் அது.  டைரக்டர் கட் சொல்ல மறந்துவிட்டார். கேமராமேன்தான் திரும்பிப் பார்த்து, "சார்?" என்றார்.

"கட்" என்றார்.  கண்ணாடியைக் கழற்றி டீ-ஷர்ட் முனையில் துடைத்தார். பிறகு என்னிடம், "மரகதம்மா, கார்டுல இனிஷியல் வேணுமா, வேண்டாமா?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்லுமுன் கரையில் ஒரே கூச்சல். தெற்கே ஒரு போட்டு தெரிந்தது, அதன் பின்னால் இன்னொன்று. இன்னொரு டேக் போகலாம் என்று டைரக்டர் நினைத்திருப்பார். யார் இருந்தார்கள் வரிசையில்? அத்தனை பேரும் தண்ணீரை நோக்கி ஓடிவிட்டார்கள்.

முதல் போட்டிலிருந்து குதித்த ஆள் தனத்தின் புருஷன். கரை நெடுக சட்டையைப் பார்த்துத் திகைத்து நின்றார்.

"இன்னாடி இது, என் தீவாளி சட்டைய போட்டுகினு நிக்கிற?"

"ஏன், எனக்கு நல்லா இல்லியா?"

"நல்லாத்தான் கீது. கவுச்சியாக்காத, கழட்டு!"

கன்னியப்பன் பனியனோடு வேனில் உட்கார்ந்து மீதிக் கடலையைத் தின்று முடித்தார். வெள்ளைச் சேலை ஒன்றுகூட மடிப்பு கலையவில்லை. நான் வீசியதைத் தவிர.

செங்கல்பட்டில் இரண்டு காட்சி

படம் வந்தபோது அந்தப் பெண்களை எல்லாம் கன்னியப்பனின் வேனிலும் இன்னொரு வேனிலுமாக ஏற்றிக்கொண்டு செங்கல்பட்டு தியேட்டருக்குப் போனேன். காலைக் காட்சி.

வாசலில் ஒரு தகராறு. வெளித் தின்பண்டம் கொண்டுபோகக் கூடாது என்று டிக்கெட் கிழிப்பவர் ஒரு பையைப் பிடித்துக்கொண்டார். உள்ளே வறுத்த மீன். "கருவாடு இல்ல சார், ஃபிரஷ்ஷு" என்று அதன் சொந்தக்காரி வாதாடினாள். நான் சமாதானம் பேசி, மீனில் அவருக்கும் ஒரு பங்கு கொடுத்து, எல்லாரையும் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தபோது இருட்டில் கன்னியப்பன் ஓடி வந்து என் கையைப் பிடித்தார்.

"வந்துச்சிமே! தனியா வந்துச்சி! ஆடை வடிவமைப்பு, மரகதம். இம்மாம் பெருசு!"

"எப்போ?"

"இப்பத்தான், நீ மீன் பஞ்சாயத்து பண்ணிகினு இருந்தியே."

திரையில் இப்போது யாரோ பைக்கில் போய்க்கொண்டிருந்தார்கள். நான் உட்கார்ந்தேன். கடைசி சீனில் தியேட்டரே வாயை மூடிக்கொண்டது, எங்கள் வரிசையைத் தவிர. "ஏய், அது எங்க ஆளு சட்டடி!" என்று ஒருத்தி கத்த, அடுத்தவள், "வாய மூடு, என் மூஞ்சி வருது" என்று அதட்டினாள். 

விளக்கு போட்டதும் தனம் என் முகத்தைப் பார்த்தாள். "இன்னா, உன் பேரு வர்லியா?"

"வந்துச்சாம். நா பாக்கல."

"யார்னால?"

மீன்காரி தலையைக் குனிந்துகொண்டாள். தனம் எழுந்து முந்தானையை இடுப்பில் செருகினாள். "அல்லாரும் ஏந்துருங்கோ. மறுபடியும் டிக்கெட் வாங்கறோம்."

நான் எவ்வளவோ தடுத்தேன். கேட்கிற ஆட்களா? மத்தியானக் காட்சிக்கு நாங்கள்தான் முதல் ஆளாக உள்ளே போய் உட்கார்ந்தோம். மீன் தீர்ந்துவிட்டது, அதனால் தகராறும் இல்லை. விளக்கு அணைந்தது. வரிசையாகப் பெயர்கள். இசை, ஒளிப்பதிவு, கலை. எனக்குப் படிக்க அப்போதெல்லாம் கொஞ்சம் நேரமாகும், எழுத்தைக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் அந்தப் பெயரை நான் கூட்டவில்லை. பார்த்ததும் தெரிந்துவிட்டது. திரை முழுக்க நான் மட்டும் இருந்தேன்.

தனம் இரண்டு விரலை வாயில் வைத்து அடித்த விசிலில் முன்சீட்டுக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். மற்றவர்களும் விசில், கைதட்டல், குலவை. அடுத்த பெயர் வந்ததும் தனம் எழுந்தாள். அவள் எழுந்ததும் அத்தனை பேரும் எழுந்து செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, வரிசையாகக் கதவைப் பார்த்து நடந்தோம்.

டிக்கெட் கிழிப்பவர் பதறிப்போய்க் குறுக்கே வந்தார். "இன்னாம்மா, எங்க போறீங்க? படம் இப்பத்தான் ஆரம்பிக்குது!"

"எங்களுக்கு முடிஞ்சிடுச்சி நைனா" என்றாள் தனம், கதவைத் தள்ளிக்கொண்டு.